மாட்டேறும் கணிப்பொறியும்

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல். எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் உடன்பயிலும் நண்பர் ஒருவர் சிலிக்கன் தகட்டின் மேல் படிந்திருந்த ஆக்சைடுப் படலத்தை நீக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பயன்படுவது நீர் கலந்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். கையுறைக்கும் சட்டைக்கைக்கும் இடையே, மணிக்கட்டில், ஒரு துளி தெறித்துவிட்டது.

இந்த அமிலத்தின் கொடுமை என்னவெனில், பட்டவுடன் பெரும்பாலும் எரிவதில்லை. நீர்த்த கரைசலாக இருந்தால் வலி தோன்றப் பல மணி நேரங்கூட ஆகலாம். அதற்குள் ஃபுளூரைடு தோலைக் கடந்து உள்ளே சென்று, உடலிலுள்ள கால்சியத்தோடு கூடிவிடும். ஆகவே உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீதம் கலந்த களிம்பைத் தடவ வேண்டும். தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவையெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடக் கையேட்டில் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. களிம்பு 12ஆம் எண் அறையின் அலமாரியில் உள்ளது என்றும் அச்சிடப்பட்டிருந்தது. நான் ஓடினேன். அலமாரி காலியாக இருந்தது.

நான்கு திங்களுக்கு முன்பே களிம்பைக் கீழ்த்தளத்து நடைவழிப் பெட்டிக்கு மாற்றிவிட்டார்களாம். அதை அறிந்த ஊழியர் ஒருவர் அவ்வழியே வந்ததனால் சில நிமிடங்களில் அது கிடைத்தது. நண்பரை மருத்துவமனையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இன்று அவர் மணிக்கட்டில் தழும்புகூட இல்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பிறகு விசாரித்துப் பார்த்தோம். துறையில் 9 கையேடுகள் உண்டு. அந்த எச்சரிக்கைப் பத்தி ஒன்பதிலும் இருந்தது. களிம்பை இடம் மாற்றியவர் கடமை தவறியவர் அல்லர். தம் கண்ணில் பட்ட 3 கையேடுகளைத் திருத்தியே இருந்தார். மற்ற 6 கையேடுகள் அவர் கணினியில் இல்லை. ஒரே செய்தியை ஒன்பது இடங்களில் எழுதி வைத்தால், அது நாளடைவில் ஒன்பது செய்திகளாகிவிடுகிறது. எங்கள் பேராசிரியர் என்னையும் மற்றொரு மாணவரையும் அழைத்து, "கோடை விடுமுறைக்குள் இதற்கு ஒரு வழி காணுங்கள்" என்றார். அந்தக் கோடையில் நான் கற்றதையே மன்ற நண்பர்களுக்கு இங்கே கூற முன்வந்தேன்.

ஒரு முறை எழுதி, வேண்டும் இடங்களில் எல்லாம் அதைச் சுட்டுவது புதிய உத்தி அன்று. தமிழ் படித்தவர்கள் இதை நன்கறிவர். தொல்காப்பியத்து உயிர்மயங்கியலில் அகர ஈற்றுப் பெயர்ச் சொற்களுக்கு உரிய புணர்ச்சி முதலில் விளக்கப்படுகிறது. பின்னர் ஆகார ஈறு வரும்போது ஆசிரியர் அனைத்தையும் மறுபடி கூறுவதில்லை. அதுவும் அகரத்தின் இயல்பினது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். இதனை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பர். நன்னூலார் தொகுத்துரைக்கும் 32 உத்திகளுள் மாட்டெறிந்தொழுகலும் ஒன்று. இலக்கணம் வரை போகவேண்டாம். நம் வீட்டுப் பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். "ஷை", "மேற்படி" என்ற சொற்கள் வரிக்கு வரி வரும். ஷை நிலம், ஷை கிணறு. எந்த நிலம், எந்தக் கிணறு என்று மேலே சென்று தேடிக் கண்டால்தான் பத்திரம் பொருள்படும். அந்தத் தேடுதலைக் கணிப்பொறி செய்வதைப் பற்றியதே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் 'கன்டென்ட் ரெஃபரன்ஸ்' என்றும், சுருக்கமாகக் 'கான்ரெஃப்' என்றும் வழங்குவதை நான் மாட்டேறு என்றே அழைக்கப் போகிறேன். நம் முன்னோர் ஆக்கி வைத்த சொல் இருக்க, புதுச்சொல் எதற்கு?

கணிப்பொறியில் ஆவணங்களை அமைப்புடன் எழுதும் முயற்சி ஐ.பி.எம். நிறுவனத்தில் 1969இல் தொடங்கியது. கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் ஆக்கிய ஜி.எம்.எல். என்ற குறிமொழியே அதன் வித்து. அதன் வழியில் 1986இல் எஸ்.ஜி.எம்.எல். உலகத் தரமாயிற்று, 1998இல் அதன் எளிய வடிவமாக எக்ஸ்.எம்.எல். வந்தது. இவற்றின் அடிப்படைக் கருத்து ஒன்றே. எழுத்து எவ்வளவு பெரிது, எந்த நிறம் என்று குறிக்காமல், இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது செய்முறையின் ஒரு படி என்று பொருளின் தன்மையைக் குறிக்க வேண்டும். இந்த எக்ஸ்.எம்.எல்.லை அடியாகக் கொண்டு கையேடு எழுதுவதற்கென்றே ஐ.பி.எம். 2001இல் வெளியிட்ட முறைக்கு 'டிட்டா' என்று பெயர். அதன் முதலெழுத்து டார்வினைக் குறிக்கும். பொதுவான உறுப்பிலிருந்து சிறப்பான உறுப்பு பரம்பரையாகத் தோன்றும் என்பதால் அப்பெயர். 2005இல் ஓயசிஸ் என்னும் அமைப்பு இதனைத் தரமாக ஏற்றது. விமானத் துறையினர் எஸ்1000டி என்ற வேறொரு முறையைக் கையாளுகின்றனர். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

டிட்டாவில் ஒரு கையேடு பல சிறு கூறுகளால் ஆனது. எந்தக் கூறு முன், எந்தக் கூறு பின் என்பதை 'மேப்' எனப்படும் அடைவு சொல்லும். கூற்றின் உள்ளே பத்தி, பட்டியல், எச்சரிக்கை முதலிய உறுப்புகள் இருக்கும். ஓர் உறுப்புக்கு அடையாளப் பெயர் இட்டுவிட்டால், வேறு எந்தக் கோப்பிலிருந்தும் அதனைச் சுட்டலாம். சுட்டும் முறை தபால் முகவரி போன்றதே: முதலில் கோப்பின் பெயர், பிறகு ஒரு # குறி, பிறகு கூற்றின் பெயர், ஒரு சாய்கோடு, இறுதியில் உறுப்பின் பெயர். கூற்றின் பெயரை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கோப்புக்குள் இரண்டு கூறுகள் ஒரே பெயரைத் தாங்கக்கூடாது. ஆனால் உறுப்பின் பெயர் அதன் கூற்றுக்குள் மட்டும் தனித்து நின்றால் போதும். ஒரு தெருவில் இரண்டு 5ஆம் எண் வீடுகள் இருக்கக்கூடாது. வேறு தெருவில் இருக்கலாம் அன்றோ?

இவ்வளவையும் ஒரு நாளில் படித்துவிட்டு, 'இது வெட்டி ஒட்டும் வேலைதானே' என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, அதற்குப் 'பண்டகசாலை' என்று பெயரிட்டோம். மாட்டேற்றை விரிக்கப் பைத்தானில் 60 வரிகளில் ஒரு நிரலும் எழுதினோம். முகவரியைப் படி, கோப்பைத் திற, உறுப்பை எடு, சுட்டிய இடத்தில் வை. அவ்வளவுதான். அந்த நிரல் முதல் கையேட்டிலேயே நான்கு விதமாகத் தோற்றது. அந்தத் தோல்விகளிலிருந்துதான் பாடம் தெளிவாயிற்று.

முதல் தோல்வி படங்களில். பண்டகசாலைக் கோப்பு ஓர் அடைவில். அதன் அருகே படங்கள். எச்சரிக்கைக்குள் இருந்த படத்தின் முகவரி, அந்தக் கோப்பு நின்ற இடத்திலிருந்து எண்ணப்பட்டது. உறுப்பை அப்படியே தூக்கி மற்றொரு அடைவிலிருந்த கையேட்டில் வைத்தவுடன், "பக்கத்து அறையில் உள்ளது" என்ற சொல்லை ஊர் மாறிப் படித்தது போலாயிற்று. மாட்டேற்றை விரிப்பவன், கொண்டுவரும் உறுப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு முகவரியையும் புதிய இடத்துக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும்.

இரண்டாவது, மாட்டேற்றுக்குள் மாட்டேறு. எங்கள் எச்சரிக்கைப் பத்தியில் மருத்துவமனைத் தொலைபேசி எண் மற்றொரு உறுப்பைச் சுட்டி நின்றது. உள்ளே இருப்பதை முதலில் விரித்து, அதன்பின் வெளியே இருப்பதை விரிக்க வேண்டும். சரி, அவ்வாறே செய்தோம். ஒரு நாள் நிரல் முடியவே இல்லை. கணினியின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஓர் உறுப்பு இரண்டாவதைச் சுட்ட, இரண்டாவது முதலாவதைச் சுட்டியிருந்தது. பத்திரத்தில் 'ஷை' என்பது கீழே உள்ள 'ஷை'யைக் குறித்தது போல. நடந்துவந்த வழியை நினைவில் வைத்து, முன்பு கண்ட உறுப்பையே மறுபடி கண்டால் பிழை என்று நிற்கத் தெரியாத நிரல் இந்த வேலைக்கு உதவாது.

மூன்றாவது, இனம். பட்டியலின் ஓர் உருப்படி நிற்கும் இடத்தில் ஒரு முழு அட்டவணையைச் சுட்டினால் என்ன ஆகும்? எங்கள் நிரல் வைத்துவிட்டது, ஆவணம் குலைந்தது. டிட்டா இதை ஒப்புவதில்லை. சுட்டும் உறுப்பும் சுட்டப்படும் உறுப்பும் ஓரினமாக இருக்க வேண்டும். அன்றேல் சுட்டப்படுவது சுட்டுவதன் வழித்தோன்றலாக இருக்க வேண்டும். செய்முறையின் படி என்பது பட்டியல் உருப்படியின் வழித்தோன்றல். ஆகவே பொதுவான உருப்படி அப்படியைச் சுட்டலாம். வரும்போது அது தன் சிறப்பை இழந்து வெறும் உருப்படியாகிவிடும். மறுபக்கம் போக முடியாது. டார்வின் பெயர் வீணாக வைக்கப்படவில்லை. எக்ஸ்.எம்.எல்.லில் முன்பே இருந்த 'என்டிட்டி' என்னும் பதிலிச் சொல் முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமையும் இதுவே. பதிலிச் சொல் எழுத்தை மாற்றி வைக்கும். வந்த விருந்தாளி யார், எங்கிருந்து வந்தார் என்று கேட்காது.

நான்காவது தோல்வியைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அது எங்களை நடுங்க வைத்தது. டிட்டாவில் எச்சரிக்கை உறுப்புக்கு 'வகை' என்று ஒரு பண்பு உண்டு. குறிப்பு, கவனம், அபாயம் என்று அதற்குப் பல மதிப்புகள். பண்டகசாலையில் அமிலத்தைப் பற்றிய எச்சரிக்கை 'அபாயம்' வகை. எங்கள் நிரல் சுட்டப்பட்டதன் பண்புகளை அப்படியே எடுத்தது. ஆகவே எல்லா இடத்திலும் 'அபாயம்' என்றே வந்தது. பிறகு எங்கள் நிரலைக் கைவிட்டு, டிட்டா ஓப்பன் டூல்கிட் என்னும் இலவசக் கருவிக்கு மாறினோம். உடனே ஒரு கையேட்டில் மட்டும் அதே அமிலம் 'கவனம்' என்று இறங்கி நின்றது! கருவியில் பிழை என்று நான் அடித்துப் பேசினேன். பிழை கருவியில் இல்லை. விதி இதுதான்: சுட்டும் உறுப்பில் ஒரு பண்பு எழுதப்பட்டிருந்தால் அதுவே வெல்லும், எழுதப்படாத பண்புகள் மட்டுமே சுட்டப்பட்டதிலிருந்து வரும். அடையாளப் பெயரோ ஒருபோதும் உடன் வராது. வந்தால் ஒரே கூற்றில் இரண்டு உறுப்புகள் ஒரே பெயரைத் தாங்க நேரும். யாரோ சுட்டும் உறுப்பைத் தட்டச்சு செய்யும்போது பழக்கத்தால் 'கவனம்' என்று எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான்.

சுட்டும் உறுப்பின் உள்ளே எழுதிய சொற்களை விதி அறவே புறக்கணிக்கிறது. பண்புகளை மட்டும் மேலாக மதிக்கிறது. முதலில் இது எனக்கு முரணாகத் தோன்றியது. பின்னர் யோசித்தால் நியாயம் விளங்கிற்று. செய்தி பொதுவானது, அது இன்னாருக்கு, இன்ன இடத்தில் என்பன சுட்டும் இடத்துக்கு உரியவை. ஆயினும் அபாயத்தைக் கவனமாக்கும் உரிமையைச் சுட்டும் இடத்துக்குக் கொடுத்தது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. சில உறுப்புகளில் ஒரு பண்பைக் கட்டாயம் எழுதியே ஆகவேண்டும். அட்டவணைக்கு நெடுவரிசை எண்ணிக்கை அத்தகையது. அங்கே 'சுட்டப்பட்டதன் மதிப்பையே கொள்க' என்று பொருள்படும் ஒரு தனிச்சொல்லை மதிப்பாக எழுதிவிடலாம்.

இலக்கண உரையாசிரியர்களுக்கு ஏற்புழிக் கோடல் என்றொரு துணை உண்டு. மாட்டேற்றால் வந்தவற்றுள் அந்த இடத்துக்குப் பொருந்துவதை மட்டும் கொள்ளலாம். கணிப்பொறிக்கு அந்த விவேகம் கிடையாது. எங்கள் பண்டகசாலையில் ஒரு பத்தி, "மேலே கூறிய குடுவையை" என்று தொடங்கியது. பிறந்த கையேட்டில் மேலே குடுவை இருந்தது. சென்ற கையேடுகள் ஐந்தில் மேலே இருந்தது குளிர்பெட்டி. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகி அறையின் ஆக்சிஜனை விலக்கிவிடும் என்ற எச்சரிக்கையில், "இந்த அறையின் இரு சாளரங்களையும் திறக்கவும்" என்றிருந்தது. எங்கள் குளிர்நிலை ஆய்வறைக்குச் சாளரமே இல்லை. இவற்றை எந்தக் கருவியும் பிழையென்று காட்டாது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியையும் மேல், கீழ், இந்த, அந்த என்ற சொற்கள் இல்லாமல் மறுபடி எழுதினோம். கோடையில் பாதி அதற்கே சென்றது.

இனிக் களிம்புக்கு வருவோம். துறைக்குக் கட்டடங்கள் இரண்டு. பழைய கட்டடத்தில் களிம்பு கீழ்த்தள நடைவழியில். புதியதில் முதல் மாடியில். எச்சரிக்கை ஒன்றே, இடம் மட்டும் வேறு. கோப்பையும் உறுப்பையும் நேராகச் சுட்டும் மாட்டேற்றால் இதைத் தீர்க்க முடியாது. 2010இல் வந்த 1.2 பதிப்பு இதற்காகத் திறவுச்சொல் என்னும் முறையைத் தந்தது. எச்சரிக்கையில் 'களிம்பு-இடம்' என்ற திறவுச்சொல்லை மட்டும் எழுதுகிறோம். அது எதைக் குறிக்கும் என்பதை அடைவு சொல்லும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அடைவு இருந்தால், ஒரே பத்தி இரு கையேடுகளிலும் இரு விடை தரும். உறுப்பை முழுமையாகக் கொண்டுவரும் மாட்டேற்றிலும் கோப்பின் பெயருக்குப் பதில் திறவுச்சொல்லை வைக்கலாம். 2015இல் வந்த 1.3 பதிப்பில் ஒரே அடைவின் பகுதிகளுக்குத் தனித்தனி எல்லை வகுக்கவும் இயலும்; எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இங்கேதான் இறுதிக் கண்டம் காத்திருந்தது. முதன்மை அடைவில் பொதுவான மதிப்பாகக் 'கீழ்த்தள நடைவழி' என்று எழுதினோம். புதிய கட்டடத்துக்கென ஒரு துணை அடைவை அதனுடன் சேர்த்து, அதில் 'முதல் மாடி' என்று எழுதினோம். நிரல் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். பின்னே எழுதியது முன்னே எழுதியதை அழிக்கும் என்று எங்கள் கை நம்பியது. டிட்டாவில் நேர் எதிர். ஒரு திறவுச்சொல்லுக்குப் பல வரையறை இருந்தால் முதலில் வந்ததே நிலைக்கும். முதன்மை அடைவில் நேரே உள்ளவை துணை அடைவில் உள்ளவற்றுக்கு முந்தியவையாக எண்ணப்படும். கருவி குறை எதுவும் சொல்லாமல் புதிய கட்டடத்துக் கையேட்டில் 'கீழ்த்தள நடைவழி' என்று அச்சிட்டுத் தந்தது. அழகான தாள், தெளிவான எழுத்து, தவறான இடம். சென்ற ஆகஸ்டில் நான் ஓடிய அதே ஓட்டத்தை மற்றொருவர் ஓடுவதற்கு நாங்களே வழி செய்திருப்போம்.

அதைக் கண்டுபிடித்தவர் அந்த நண்பரே. அச்சுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டு, கையேட்டில் எழுதியபடி நடந்தே பார்த்தார். கீழ்த்தளத்தில் பெட்டி இல்லை என்று திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் தாளை என் மேசைமேல் வைத்தார். பொதுமதிப்பை அதன்பின் துணை அடைவுகளுக்கெல்லாம் கடைசியில் வரும் தனிக்கோப்பில் சேர்த்துவிட்டோம்.

பெரிய நிறுவனங்களில் கோப்புகளை இப்படி அடைவுகளில் வைப்பதில்லை. ஆவண மேலாண்மைக் களஞ்சியம் ஒன்றை வைத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் மாறாத எண் கொடுத்துவிடுகிறார்கள். கோப்பின் பெயரை மாற்றினாலும் சுட்டு அறாது. ஓர் உறுப்பைத் தொடும் முன், 'இதனை யார் யார் சுட்டுகிறார்கள்' என்று கேட்டுப் பட்டியலும் பெறலாம். எங்களிடம் அது இல்லாததன் விலையை ஒருமுறை கொடுத்தோம்: பண்டகசாலையில் பயனில்லை என்று எண்ணி ஓர் உறுப்பை நீக்க, இரண்டு கையேடுகளில் வெற்றிடம் விழுந்தது. கருவி பிழைச்செய்தி எழுதத்தான் செய்தது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே. நூலையும் உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. இப்போது பிழை ஒன்றேனும் இருந்தால் அச்சுக்கு அனுப்பாமல் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறோம்.

களஞ்சியத்திலும் ஒரு வினா எஞ்சும். சுட்டப்பட்டதன் எந்தப் பதிப்பைக் கொள்வது? இன்றைய பதிப்பையே எப்போதும் கொண்டால், சென்ற ஆண்டு அச்சிட்ட கையேட்டை அன்றிருந்தபடி மறுபடி உண்டாக்க முடியாது. அன்றைய பதிப்பைக் கட்டி வைத்தால், திருத்தம் தானே பரவாது. நாம் ஒன்பது கையேடுகளுக்குத் திரும்பிப் போனவர்களாவோம். வெளியிடும் ஒவ்வொரு முறையும் அப்போதைய பதிப்பெண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, எழுதும்போது மட்டும் புதியதைக் கொள்வதே பெரும்பாலோர் வழக்கம். நாங்களும் அதையே கைக்கொண்டோம்.

இப்போது 9 கையேடுகளும் ஒரே பண்டகசாலையிலிருந்து வருகின்றன. களிம்பை மறுபடி மாற்றினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். களிம்புக் குழாயின் காலாவதித் தேதி மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை. அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறோம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை யாராவது ஒருவர் சென்று பார்த்துக் கையெழுத்திட்டு வருகிறோம். இம்மாதம் என் முறை.